லூட்டின் ஃப்ரெட்டுக்குச் சொல்: திவவா, கட்டுமெட்டா?

லூட் ஐரோப்பாவின் பழைய தந்திக் கருவி. விரல் அழுத்தும் இடங்களைப் பிரிக்க அதன் கழுத்தில் இருக்கும் தடைதான் ஃப்ரெட். அதற்குத் தமிழ்ச்சொல் தேடியபோது வந்த கேள்விகளும் என் பதில்களும்:

> பழஞ்சொல் திவவு இருக்கிறதே. பெரும்பாணாற்றுப்படை ‘மெலிந்துவீங்கு திவவு’ என்கிறது. நெகிழ்வதும் இறுகுவதும் அதற்குள்ளேயே வந்துவிடுகின்றன.

ஐயா, சொல் அழகுதான், வேலை வேறு. யாழின் திவவு நரம்பைக் கோட்டோடு, அதாவது வளைந்த தண்டோடு, பிணிக்கும் வார்க்கட்டு. லூட்டின் கழுத்தைச் சுற்றிக் கட்டும் ஆட்டுக்குடல் நரம்போ, விரல் அழுத்தும்போது தந்தி எங்கே தடைபட வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. அது வீணை மெட்டின் வேலை. ‘நரம்புமெட்டு’ என்றால் தந்தியும் குடல்நரம்பாக இருக்கும் கருவியில் குழப்பம் வரும். கழுத்தில் கட்டுபவை பெரும்பாலும் எட்டு. அதற்கு அப்பால், கருவியின் உடற்பலகைமீது ஒட்டும் மரக்குச்சிகள். முன்னது கட்டுமெட்டு, பின்னது ஒட்டுமெட்டு எனலாம்.

> சரி. ஆனால் ‘மெட்டுக் கட்டுவது எப்படி’ என்று தலைப்பிட்டால் இசையமைப்பாளர்கள்தான் வந்து படிப்பார்கள்! வினைச்சொல்லும் வேண்டும்.

உண்மை. அதனால் முடிச்சிடுவதை ‘மெட்டு முடிதல்’ என்போம். அடுத்த வேலைக்கு ‘இறுக்குதல்’ போதாது, செய்முறையைப் பாருங்கள். நரம்பைத் தந்திகளுக்கு அடியில் நுழைத்து, மெட்டு நிற்கவேண்டிய இடத்திலிருந்து சற்றுத் தலைப்பக்கமாக, கழுத்து ஒடுங்கிய இடத்தில் முடிகிறோம். முடிச்சு மந்தரத் தந்திப் பக்கத்து விளிம்பில் விழ வேண்டும். இடுக்கியால் இழுத்து, 3 மி.மீ. போல விட்டு நறுக்கி, நுனியைச் சூட்டுக்கோலால் சுட்டால் உருண்டு மணியாகும். அது முடிச்சுக்குள் நழுவாது. பிறகு இருபுறமும் சமமாகத் தள்ளி உடற்பக்கம் கொண்டுபோகிறோம். கழுத்து அகலமாகிக்கொண்டே போவதால் நரம்பு தானே இறுகும். நாணேற்றுவதுபோல இதை ‘மெட்டேற்றுதல்’ என்கிறேன்.

நிற்கவேண்டிய இடத்திலேயே முடிச்சிட்டால் ஏற்ற இடமில்லை. மெட்டு கழுத்தில் படியாமல் ஒலி மழுங்கும், இரையும். தலைப்பக்கம் மிகவும் தள்ளி முடிச்சிட்டாலோ பாதி வழியிலேயே நரம்பு அறும்.

பருமனுக்கும் ஒரு சொல் பாக்கி. முதல் மெட்டு ஏறத்தாழ 1 மி.மீ., எட்டாவது 0.7 போல மெலியும். உடற்பக்க மெட்டு தலைப்பக்க மெட்டைவிடத் தடித்தால் தந்தி அதில் உரசும். ‘மெலிவரிசை’ சரியாக இருக்குமா?

> மெலிவரிசை சரி. சிதாரிலும் மெட்டைக் கட்டத்தானே செய்கிறார்கள்? அதுவும் கட்டுமெட்டா?

ஆம், ஆனால் அங்கே மெட்டு உலோகக் கம்பி, கட்டுவது நூல். லூட்டில் கட்டும் நரம்பே மெட்டு. பிரிக்கவேண்டிய இடத்தில் ‘குடல்நரம்புக் கட்டுமெட்டு’ என்று நீட்டிக்கொள்வோம்.