புதுப்பிப்பு: மெதுவாக ஓடும்போதும் வாட்ச் 170 காட்டுவது ஏன்?

மெல்ல ஓடினாலே இதயத்துடிப்பு 170 என்று வாட்ச் காட்டுவதைப் பற்றிய முந்தைய பதிவுக்கு விடை கிடைத்துவிட்டது. வாட்ச் எண்ணியது துடிப்பை அல்ல, காலடியை! நிமிடத்துக்கு 170 அடி வைக்கும்போது கையும் அதே தாளத்தில் ஆடுகிறது. வாட்சின் அடியில் பச்சை ஒளி பாய்ச்சி ரத்த ஓட்டத்தை அளக்கும் சென்சார் அந்த அசைவையே ரத்த ஓட்டமாக எடுத்துக்கொள்கிறது.

சந்தேகம் வந்தால் சட்டென நின்று, கழுத்தில் இரு விரல் வைத்து 15 வினாடி எண்ணி, 4-ஆல் பெருக்குங்கள். 35 வந்தால் 140தான். தாமதிக்க வேண்டாம், நின்றதும் துடிப்பு வேகமாக இறங்கும்.

ஸ்ட்ராப்பை மணிக்கட்டு எலும்பிலிருந்து முழங்கைப் பக்கமாக இரண்டு விரல் அகலம் தள்ளி, ஓடும்போது மட்டும் ஒரு துளை இறுக்கிக் கட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். எடை தூக்கும்போது இது போதாது. பிடி இறுகினால் சென்சார் தடுமாறும். அதற்கு நெஞ்சில் கட்டி இதயத்துடிப்பை அளக்கும் நெஞ்சுப் பட்டைதான் நம்பகம். அணியும் முன் அதன் மின்முனைகளை (தோலில் படும் உணர் பகுதிகளை) நன்றாக நனைத்துவிடுங்கள்.