ஏரி நீரில் கலந்த எம்டிபிஇ: ஆவியாகும் வேகத்தை எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி

1990களின் கலிஃபோர்னிய ஏரித் தரவுகளை வைத்து ஒரு கணக்கு போடுகிறேன். பெட்ரோலில் ஆக்சிஜனுக்காகச் சேர்த்த எம்டிபிஇ (மெத்தில் டெர்ட்-பியூட்டைல் ஈதர்) தான் பொருள். அலகில்லா ஹென்றி மாறிலி (சமநிலையில் காற்றிலுள்ள செறிவுக்கும் நீரிலுள்ள செறிவுக்குமான விகிதம்) 25 டிகிரியில் இதற்குச் சுமார் 0.025, பென்சீனுக்கு 0.22. அப்படியென்றால் பென்சீனைவிட ஒன்பது மடங்கு மெதுவாகத்தானே ஆவியாக வேண்டும்? நன்றாகக் கலந்திருக்கும் 10 மீட்டர் மேலடுக்குக்கு அரை ஆயுள் இரண்டரை மாதம் வருகிறது. ஏரியில் அதைவிட வேகமாகக் குறைகிறதே, எங்கே இடிக்கிறது?

பதில் 1

ஹென்றி மாறிலியை நேரடியாக வேகமாக எடுத்துக்கொண்டதுதான் சிக்கல். வாயு இரண்டு படலங்களைக் கடக்க வேண்டும்: நீர்ப்பக்கம் ஒன்று, காற்றுப்பக்கம் ஒன்று. இரண்டின் தடையையும் கூட்டுங்கள் (k ஒவ்வொரு படலத்தையும் கடக்கும் வேகம், K மொத்த வேகம், H ஹென்றி மாறிலி):

1/K = 1/kநீர் + 1/(H × kகாற்று)

மிதமான காற்றில் kநீர் நாளுக்கு 0.8 மீட்டர், kகாற்று நாளுக்கு 260 மீட்டர் என்று வைப்போம். எம்டிபிஇக்கு நீர்ப்பக்கத் தடை 1.25, காற்றுப்பக்கம் 0.15. K நாளுக்கு 0.71 மீட்டர். பென்சீனுக்கு இதே கணக்கில் 0.79. வித்தியாசம் அவ்வளவுதான். 10 மீட்டர் ஆழத்துக்கு அரை ஆயுள் 0.693 × 10 / 0.71, அதாவது பத்து நாள்.

"எம்டிபிஇ தண்ணீரை விட்டுப் போகாது" என்ற பேச்சு நிலத்தடி நீரிலிருந்தும், காற்றூதிச் சுத்திகரிக்கும் கோபுரங்களிலிருந்தும் வந்தது. கோபுரத்தில் காற்றின் அளவுக்கு எல்லை உண்டு, அங்கே ஹென்றி மாறிலிதான் ராஜா. திறந்த ஏரிக்கு மேலே காற்றுக்குப் பஞ்சமில்லை.

பதில் 2

மேலே சொன்னது சரி, ஆனால் 0.8 என்பதை நிலையான எண்ணாக வைத்துவிடாதீர்கள். காற்று அடங்கிக் கிடந்தால் kநீர் 0.3க்கு இறங்கும், அரை ஆயுள் 25 நாளைத் தொடும். காற்று வேகத்தை நாள்வாரியாகக் கொடுங்கள். மாதச் சராசரி இங்கே ஏமாற்றும், ஏனென்றால் பலத்த காற்றடிக்கும் சில நாட்களில்தான் பெரும்பங்கு வெளியேறுகிறது. குளிர்காலத்தில் H பாதிக்கும் கீழே போவதையும் சேருங்கள்.

இன்னொன்று, வரவு. கார்புரேட்டர் வைத்த பழைய டூ-ஸ்ட்ரோக் படகும் ஜெட் ஸ்கீயும் எரிபொருளில் கால்வாசியை எரிக்காமலே நீரில் விடும். எம்டிபிஇ 11 சதவீதம் கலந்த பெட்ரோல் 10 லிட்டர் ஓடினால் சுமார் 200 கிராம் எம்டிபிஇ இறங்கும். 4 கோடி லிட்டர் நீரை லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்ற கலிஃபோர்னியாவின் சுவை-மண வரம்புக்குக் கொண்டுவர அதுவே போதும். டானர் ஏரியில் 1997 ஜூலை 4 விடுமுறையை ஒட்டி அளவு சட்டென்று ஏறியது இப்படித்தான். படகு ஓடும் வாரங்களில் தெரியும் சரிவு, வரவு கழித்த மீதி. வேகத்தைக் கணிக்க, படகுப் பருவம் அடங்கும் செப்டம்பர் முதல் வாரத்துக்குப் பிந்தைய தரவை மட்டும் எடுங்கள்.

கேட்டவர்

நன்றி. இலையுதிர்காலத்தில் மேலடுக்கு ஆழமாகிக்கொண்டே போகுமே, அப்போது?

பதில் 2

செறிவை விட்டுவிட்டு மொத்த நிறையைப் பின்தொடருங்கள். கீழே உள்ள சுத்தமான நீர் கலப்பதாலும் செறிவு குறையும். அதை ஆவியாதல் என்று எண்ணிவிடுவீர்கள். ஒவ்வொரு ஆழத்தின் செறிவையும் அந்த அடுக்கின் கொள்ளளவால் பெருக்கிக் கூட்டுங்கள்.

பதில் 3

தரவு எப்படி எடுக்கப்பட்டது என்றும் பாருங்கள். பெட்ரோல் மோட்டார் ஓடும் படகின் பின்பக்கம் எடுத்த சாம்பிள் எதற்கும் உதவாது. மோட்டாரை நிறுத்தி, காற்று வரும் பக்கமாக முன்முனையில் நின்று எடுத்திருக்க வேண்டும். 40 மில்லி கண்ணாடிக் குப்பியில் விளிம்பு வரை நிரப்பி மூடி, தலைகீழாகத் தட்டினால் ஒரு குமிழிகூட எழக்கூடாது. அமிலம் சேர்த்த சாம்பிளைச் சூடாக்கி அளந்திருந்தால் எம்டிபிஇயில் ஒரு பகுதி டிபிஏவாக (டெர்ட்-பியூட்டைல் ஆல்கஹால்) உடைந்து, எண் குறைந்து காட்டும். அதைத் தவிர்க்க ட்ரைசோடியம் பாஸ்பேட் போட்டுப் பிஎச்சை 11க்கு மேல் வைப்பார்கள். டிபிஏவோ எம்டிபிஇயைவிடப் பன்மடங்கு மெதுவாகவே ஆவியாகும், அதற்குத் தனிக் கணக்கு போடுங்கள்.