பிரஷர் ஸ்லீவ்: ராத்திரி மட்டும் போட்டால் போதாதா?

தேனிக்காரி:
மகனுக்கு நாலரை வயது. கார்த்திகையில் கொதிக்கிற ரசச் சட்டியை இழுத்துவிட்டான். வலது முழங்கையிலிருந்து விரல்வரை வெந்துவிட்டது. தொடையில் தோல் எடுத்து ஒட்டினார்கள். புண் ஆறிவிட்டது, ஆனால் தழும்பு சிவந்து கயிறு மாதிரி தடிக்கிறது. தை மாதம் அளவெடுத்து, தழும்பை அழுத்திப் பிடிக்கிற இறுக்கமான எலாஸ்டிக் ஸ்லீவும் கையுறையும் கொடுத்தார்கள். நாளுக்கு 23 மணி நேரம் போட வேண்டுமாம். இந்தப் பங்குனி வெயிலில்! அரிக்கிறது என்று பல்லால் கடித்து இழுக்கிறான். "புண்தான் ஆறிடுச்சே, பிள்ளையை ஏன் வதைக்கிற" என்கிறார் அத்தை. போன வாரம் இரண்டு நாள் கழற்றியே வைத்துவிட்டேன். அப்புறம், சோறு எப்படி ஊட்டுவது? கையுறை முழுக்க ரசம்.

சின்னவள் அம்மா:
இரண்டு நாள்தானே, இன்றைக்கே மாட்டிவிடுங்கள். நான் ஒரு மாதம் விட்டவள். அத்தை சொல்கிற அதே பேச்சை என் அம்மாவும் சொன்னார்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள். என் மகளுக்குக் காலையில் கழற்றி, குளிப்பாட்டி, கையாலேயே இட்லி சாப்பிட விட்டு, எண்ணெய் தேய்த்து நீவி, மிச்சத்தைத் துடைத்துவிட்டு மாட்டுவேன். எண்ணெய்ப் பிசுக்கோடு மாட்டினால் எலாஸ்டிக் சீக்கிரம் போய்விடும். மற்ற வேளைக்கு ஸ்பூன்தான். இரண்டு செட் கேட்டு வாங்குங்கள். கையால் அலசி, முறுக்காமல், நிழலில் காயப்போடுங்கள். எங்களுக்குப் பதினாறு மாதம் ஆனது. பள்ளியில் "ஏன்டி ஒரு கைக்கு மட்டும் சாக்ஸ்?" என்று கேட்டார்களாம். "நீ வேணா போட்டுப் பாரு" என்றாளாம்.

கைவைத்தியர் (தொழில்வழி சிகிச்சையாளர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்):
அத்தை மேல் தப்பில்லை. தடித்த தழும்பு புண் மூடிய பிறகுதான் வளரும், பல மாதம் வளரும். அதனால்தான் ராத்திரி மட்டும் போதாது. துணி தடிப்பைக் குறைக்க உதவும். நிறத்தை மாற்றும் என்று எதிர்பார்க்காதீர்கள். முழங்கை மடங்கி இறுகுவதையும் அதுவே தடுத்துவிடாது. நீட்டும் பயிற்சி வேண்டும், ராத்திரிக்கு ஸ்பிளின்ட் (கையை நீட்டியபடி பிடித்துவைக்கும் பட்டை) தேவையா என்றும் கேளுங்கள். விரல்நுனி நீலம் பாரித்தாலோ, மரத்துப்போனாலோ, கொப்புளம் வந்தாலோ உடனே கழற்றிவிட்டுக் காட்டுங்கள். அரிப்புக்கு மருந்து உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். தையில் கொடுத்தது என்றால் இழுவை குறைந்திருக்கும், பையனும் வளர்ந்திருப்பான். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதிதாக அளவெடுக்க வேண்டும்.

தேனிக்காரி:
இழுத்துப் பார்த்தேன், முழங்கைக்கு மேல் தொளதொள என்றுதான் இருக்கிறது. திங்கட்கிழமை அளவெடுக்கப் போகிறோம். அத்தையும் வருகிறேன் என்கிறார், டாக்டரிடம் நேரிலேயே கேட்க வேண்டுமாம். சரி, கேட்கட்டும்.