[கலைச்சொல்] ரெண்டு இலக்கு மருந்தைச் சேர்த்துக் குடுக்குற சிகிச்சைக்குத் தமிழ்ல என்ன பேர்? வியாழக்கிழமை அச்சுக்குப் போகுது

புதுவயல் தங்கச்சி:

எல்லாருக்கும் வணக்கம். நவம்பர் கணையப் புற்றுநோய் விழிப்புணர்வு மாசம், அதுக்காக காரைக்குடியில ஒரு கையேடு போடுறோம். ஆபரேஷன், கீமோ, சாப்பாடு, வலி மருந்து எல்லாம் எழுதி முடிச்சாச்சு, கடைசிப் பக்கம்தான் நிக்குது. வெளிநாட்டுல இருக்குற பிள்ளைக ஊர்ல இருக்குற அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் வாட்ஸப்புல செய்தி அனுப்புறாக, ரெண்டு கம்பெனி சேர்ந்து ரெண்டு மருந்தை ஒண்ணாக் குடுத்துப் பாக்குறாகளாம், நமக்குக் கெடைக்குமான்னு. அதைப் பத்தி எழுதாம விட முடியாது.

விஷயம் இதுதான். 2024 நவம்பர்ல டேங்கோ தெரப்யூட்டிக்ஸ், ரெவல்யூஷன் மெடிசின்ஸ்னு ரெண்டு அமெரிக்கக் கம்பெனி ஒப்பந்தம் போட்டாக. டேங்கோ மருந்து பி.ஆர்.எம்.டி-5ங்குற புரதத்தைத் தடுக்கும், ரெவல்யூஷன் மருந்து ராஸ் புரதத்தைத் தடுக்கும். ஆய்வை நடத்துறது டேங்கோ, ரெவல்யூஷன் மருந்தை வாங்கித் தன் மருந்தோட சேர்த்துக் குடுக்குறதும் அவுகதான். இந்த காம்பினேஷன் டார்கெட்டட் தெரபிக்கு ஒரு தமிழ்ச்சொல் வேணும். எட்டாவது படிச்ச ஆச்சிக்குப் புரியணும், ஆனா பொய்யான நம்பிக்கை குடுத்துறக் கூடாது. கம்பெனிக பார்ட்னர்ஷிப்புக்கும் ஒண்ணு சொல்லுங்க.

காரைக்குடி வாத்தியார்:

தங்கச்சி, ‘கூட்டு இலக்குச் சிகிச்சை’ன்னு போடும்மா. பார்ட்னர்ஷிப்புக்குக் ‘கூட்டாண்மை’. கூட்டுன்னா யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்ல.

பிள்ளையார்பட்டி வைத்தியர்:

வாத்தியாரய்யா, கூட்டு வேணாம். எங்க வைத்தியத்துல கூட்டு மருந்துன்னா பல சரக்கை இடிச்சுச் சலிச்சு ஒரே சூரணமாவோ லேகியமாவோ ஆக்குறது, நம்ம பக்கத்து வயசானவுகளுக்கு அந்தப் பொருள்தான் மொதல்ல தோணும், ஒரே மாத்திரைன்னு நெனச்சுக்குவாக. இங்க மருந்து தனித்தனி, பக்க விளைவும் தனித்தனி, ஒண்ணை நிறுத்திட்டு இன்னொண்ணைத் தொடர வேண்டியும் வரலாம். ‘துணை மருந்து’ன்னு யாரும் சொல்றதுக்கு முன்னாடி அதையும் சொல்லிர்றேன், எங்க வழக்குல துணைமருந்துன்னா அனுபானம், தேன், நெய், வெந்நீர். இங்க ரெண்டுமே நோயோட நேரா மோதுற மருந்து. ‘இணை’தான் பொருந்தும், அதுல பெரிசு சின்னது இல்ல.

கண்டனூர் ஐயா:

இணை சரி. இலக்குதான் நெருடுது. வடமொழி லக்ஷ்யத்தோட நிழல் அது. ‘வடவெழுத்து ஒரீஇ’, அதாவது வடவெழுத்தை நீக்கிட்டு எடுத்துக்கன்னு தொல்காப்பியர் வழி விட்டாருன்னா நம்மகிட்ட இருக்குற சொல்லைத் தூக்கிப் போட்டுட்டு எடுக்கச் சொல்லல. குறி இருக்கு, குறி பார்த்து எய்தான்னு இன்னைக்கும் பேசுறோம். ‘இணைக்குறி மருந்து’.

கோட்டையூர் ஆச்சி:

ஐயா, குறின்னா நோய்ப் பேச்சுல குறிகுணம்தான், நோயோட அடையாளம், கோயில் வாசல்ல குறி சொல்றதும் இருக்கு. நாளைக்குச் சாவோமா பொழைப்போமான்னு பயந்து கெடக்குறவுக கையில ‘குறி’ன்னு ஒரு சொல்லைக் குடுக்க எனக்கு மனசு வரல. அப்புறம் குறள் 627 பாருங்க, ‘இலக்கம் உடம்பிடும்பைக் கென்று’. உடம்புதான் துன்பத்துக்கு இலக்குன்னு வள்ளுவரே சொல்லிட்டார். அந்தச் சொல் நோய்ப் பேச்சுக்குள்ள வந்து எத்தனையோ காலமாச்சு.

கண்டனூர் ஐயா:

ஆச்சி சொன்ன குறள் நல்ல மேற்கோள், மறுக்கல. ஆனா வள்ளுவர் எடுத்தாண்டதுனாலயே ஒரு சொல் வேர் மாறிறாது. ஒளிர்றதைச் சொல்ற இலங்குல இருந்து இலக்கு வந்துச்சு, இலங்குறதுதான் கண்ணுல படும், கண்ணுல படுறதுதான் குறியாகும்னு ஒரு கட்சி உண்டு. அப்படின்னா இலக்கம்ங்குறது எண்ணுக்கும் நூறாயிரத்துக்கும் எப்படிப் போச்சு? நூறாயிரம் லக்ஷத்துல இருந்து வந்ததுன்னா அதே எழுத்துல இருக்குற மத்தது மட்டும் இலங்குல இருந்து வந்துச்சா? இதுக்கு விடை சொல்லிட்டு மேல போங்க.

தேவகோட்டை அண்ணன்:

இலக்கு கெடக்கட்டும், கணையத்தைப் பத்தி யாரும் கேக்கவே இல்லையே. பழைய உரைகள்ல ‘எழு’ன்னு வர்ற எடத்துல கணையமரம்னு பொருள் எழுதியிருக்கும், கோட்டைக் கதவுக்கு உள்பக்கம் குறுக்கப் போடுற மரம். நம்ம ஊர் நிலைக்கதவுக்குப் பின்னாடி சுவத்துல ஓட்டை விட்டு உருவிப் போடுவாகளே, அந்த வகை. உறுப்பும் வயித்துக்குள்ள இரைப்பைக்குப் பின்னாடி குறுக்கதான் படுத்திருக்கு! அதைப் பாத்துத்தான் பேர் வச்சிருப்பாகன்னு எனக்கு உறுதியாத் தோணுது.

ராயவரம் தம்பி:

அண்ணே, இலங்கையில அதே உறுப்புக்கு ‘சதையி’ன்னுதான் பாடப்புத்தகத்துல இருக்கு. இங்கிலீஷ்ல சொல்ற பேங்க்ரியாஸ்ங்குற பேருக்குக் கிரேக்கத்துல ‘எல்லாம் சதை’ன்னு பொருளாம், அவுக அதைத் தமிழாக்கிட்டாக. யாழ்ப்பாணத்து மானிப்பாய்ல பிஸ்க் கிறீன்னு ஒரு அமெரிக்க டாக்டர் 1840கள்லயே ஆஸ்பத்திரி வச்சு அப்புறம் தமிழ்ல வைத்தியப் புத்தகம் போட்ட மண்ணு, அவுக வழக்கையும் நாம பாக்கணும்.

கண்டனூர் ஐயா:

கணையமரம் நீளம், கணையம் ஒரு சாண். தேவகோட்டை சொல்றதுக்கு ஏட்டுல ஒரு சான்று காட்டட்டும், ஒத்துக்கிறேன்.

புதுவயல் தங்கச்சி:

ஐயா, அண்ணே, கணையம் கையேட்டு அட்டையிலயே அச்சாயிருச்சு. இன்னைக்கு செவ்வாய். கடைசிப் பக்கத்துக்கு வாங்க.

பள்ளத்தூர் டாக்டர்:

ஓபி முடிஞ்சு இப்பத்தான் எல்லாத்தையும் படிச்சேன். வேர் ஆராய்ச்சிக்கு முன்னாடி அந்த மருந்து என்ன செய்யுதுன்னு பாக்கணும். கணையப் புற்றுநோய்ல பத்துல ஒம்பது பேருக்கு, ராஸ் புரதத்துல ஒரு வகையை உண்டாக்குற கே-ராஸ் மரபணு மாறியிருக்கும், அதுலயும் ஜி12டி வகைதான் அதிகம். 2021ல அமெரிக்காவுல மொத கே-ராஸ் மருந்து, சொட்டோராசிப், அனுமதி ஆனது நுரையீரல் புற்றுக்கு. அது ஜி12சி வகைக்கு, கணையத்துல அந்த வகை நூத்துக்கு ஒண்ணு ரெண்டு பேருக்குத்தான். பி.ஆர்.எம்.டி-5 மருந்து வேற வழி. எம்-டாப் மரபணு தொலஞ்சுபோன புற்றணுவுல எம்.டி.ஏன்னு ஒரு பொருள் தேங்கி அந்தப் புரதத்து மேல ஒட்டிக்கும், மருந்து அப்படி ஒட்டுன புரதத்தைத்தான் பிடிக்கும், அதனால நல்ல அணுவுக்குச் சேதம் கொறைவு. ஆக இலக்கு கணையம் இல்ல, புரதம். இதைச் சொல்லாம இலக்கு மருந்துன்னு மட்டும் போட்டா கட்டியைக் குறி வச்சு அடிக்கிற மருந்துன்னுதான் வாசிப்பாக. மரபணு சோதனை பண்ணி அந்த மாற்றம் இருக்குறவுகளுக்கு மட்டும்தான் இந்தப் பேச்சே.

ரெண்டு ஏன்னா, ஒரு வழியை அடைச்சா புற்று வேற வழி தேடும். நம்ம ஊர் வீடு ஒரு தெருவுல முகப்பும் அடுத்த தெருவுல பின்வாசலுமா நிக்குதுல்ல, முகப்பை மட்டும் பூட்டுனா பின்கட்டு வழியா எறங்கிப் போயிரும். ஆனா சேர்த்துக் குடுத்தாலே ஜெயிச்சிரும்னு எழுதிறாதீக. 2005ல ஜெம்சிட்டபின்ங்குற கீமோ மருந்தோட எர்லோட்டினிப் சேர்க்க அமெரிக்காவுல அனுமதி குடுத்தாக, அதுவும் இலக்கு மருந்துதான், அதுல கூடுன ஆயுள் ரெண்டு வாரத்தைத் தாண்டல. அதனால பேர்ல ‘ஆய்வு’ங்குற சொல் கட்டாயம் ஒட்டி நிக்கணும். பரிசோதனைன்னு போட்டா ரத்த டெஸ்ட்டுன்னு எடுத்துக்குவாக.

தேவகோட்டை அண்ணன்:

அப்ப ‘மருந்து வெள்ளோட்டம்’? தேர் வெள்ளோட்டம் பாக்காத ஊர் நம்ம பக்கம் ஏது.

கோட்டையூர் ஆச்சி:

கேக்க அழகா இருக்கு, ஆனா வெள்ளோட்டம் விடுறது செஞ்சு முடிச்ச தேரை. ஓடும்னு தெரிஞ்சுதான் வடம் பிடிக்கிறோம். இந்த மருந்து ஓடுமான்னே யாருக்கும் தெரியாதப்ப அந்தச் சொல் வாக்குக் குடுக்குற மாதிரி ஆயிரும்.

தேவகோட்டை அண்ணன்:

சரி, அதை விட்டுர்றேன். பார்ட்னர்ஷிப்புக்குக் கூட்டாண்மையும் தப்பு, இதையாச்சும் கேளுங்க. எங்க ஐயா காலத்துக் கொண்டுவிக்கிற வியாபாரக் கணக்குல கூட்டுன்னா முதலும் ஒண்ணு, லாப நட்டமும் ஒண்ணு. இங்க ரெண்டு கம்பெனியும் அவுகவுக மருந்தோட விற்பனை உரிமையை அவுகவுகளே வச்சிருக்காக. பங்காளின்னும் போடாதீக, அது சொத்து வழக்கு மாதிரி கேக்கும். ‘ஆய்வு ஒப்பந்தம்’ போதும்.

புதுவயல் தங்கச்சி:

புதன் ராத்திரி. கண்டனூர் ஐயா தவிர மத்தவுக பெரும்பாலும் ‘இணை’, ‘இலக்கு’ ரெண்டுக்கும் சரின்னுட்டாக. இப்படித்தான் போகுது:

“இணை இலக்குமருந்து ஆய்வு: புற்றணுவுல மாறிப்போன ரெண்டு வேற வேற புரதங்களைத் தடுக்க ரெண்டு தனித்தனி மருந்துகளை ஒரே நோயாளிக்குக் குடுத்துப் பாக்குற ஆராய்ச்சி. பலன் இன்னும் உறுதியாகல. உங்க டாக்டர்கிட்ட மரபணு சோதனை பத்திக் கேளுங்க.”

பள்ளத்தூர் டாக்டர்:

ஒரு திருத்தம். ‘மாறிப்போன ரெண்டு’ தப்பு. பி.ஆர்.எம்.டி-5 மாறல, எம்-டாப்தான் தொலஞ்சது. ‘புற்றணு நம்பியிருக்குற ரெண்டு புரதங்களை’ன்னு மாத்து.

புதுவயல் தங்கச்சி:

மாத்திட்டேன் டாக்டர், நல்லவேளை சொன்னீக. கோப்பு அனுப்பியாச்சு.

கண்டனூர் ஐயா:

இலக்குக்கு என் மறுப்பு பதிவுல இருக்கட்டும். லக்ஷக் கேள்விக்கு யாரும் விடை சொல்லல.

காரைக்குடி வாத்தியார்:

எனக்கும் ஒண்ணு பாக்கி. இணைன்னா ரெண்டுதான். ராஸ் மருந்தோட பழைய கீமோ மருந்து ரெண்டைச் சேர்த்துக் குடுக்குற ஆய்வும் நடக்குது, அங்கேயே மூணாச்சு. நாளைக்கு இந்த சோடியோட மூணாவதா ஒரு இலக்கு மருந்து வந்து உக்காந்தா தங்கச்சி அடுத்த பதிப்புல என்ன போடும்? கூட்டுல எத்தனைக்கும் எடம் இருந்துச்சு.