சுடுகாட்டு மல்லி: நாங்கள் கண்டது, பட்டது

எங்கள் ராமநாதபுரம் பக்கத்து ஊரில் நித்திய கல்யாணி என்று சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. சுடுகாட்டு மல்லிதான். அப்பத்தா அதை வீட்டு வாசலில் வைக்கவே விடமாட்டார்.

2016ல் என் மகனுக்கு ஐந்து வயதில் ரத்தப் புற்றுநோய். முதல் நான்கு வாரமும் வாரம் ஒரு ஊசி, பெயர் வின்கிறிஸ்டின். தண்ணீர் மாதிரி இருந்த அந்தச் சின்ன மருந்துக் குப்பியைக் காட்டி, தூத்துக்குடிக்காரச் செவிலியர் ஒருவர்தான், "அக்கா, இது நம்ம சுடுகாட்டு மல்லியில இருந்து வர்றது" என்றார். நம்பவில்லை. கூகுளில் தேடிப் பார்த்த பிறகுதான் வாயடைத்தது.

மூன்றாவது ஊசியில் மருந்து ரத்தக் குழாயைவிட்டு வெளியே கசிந்துவிட்டது. புறங்கை சிவந்து கொப்புளம். நான் ஐஸ் கேட்டேன். ஐஸ் கூடாதாம், இந்த மருந்துக்கு வெந்நீர் ஒத்தடம்தானாம். அது ஆறியது. அப்புறம் நான்கு நாள் மலச்சிக்கல். அதற்கப்புறம் கால். நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று விழும், பையன் தடுக்கித் தடுக்கி விழுவான். அடம்பிடிக்கிறான் என்று திட்டிக்கூட இருக்கிறேன். மருந்து கால் நரம்பைப் பிடித்திருக்கிறது என்று பிறகுதான் தெரிந்தது. சரியாக ஏழெட்டு மாதம் ஆனது. குழந்தைக்கு இந்த ஊசி போகிறது என்றால் செருப்பைக் கவனியுங்கள்.

*

அக்கா, நீங்கள் எழுதிய அந்தச் செடியின் இலையை உருவிய கை இது. சாத்தான்குளம் பக்கம் அப்பா இரண்டு ஏக்கர் போட்டிருந்தார். மானாவாரிதான். ஆடு வாய் வைக்காது, அவ்வளவு கசப்பு, அதனால் வேலிச் செலவு மிச்சம். ஆறாம் மாதம் ஒருமுறை, ஒன்பதாம் மாதம் ஒருமுறை இலை உருவுவோம். வருடம் முடிந்ததும் செடியைப் பிடுங்கி வேரை வெட்டிக் காயவைப்போம். வேருக்குத்தான் வியாபாரி முதலில் கை நீட்டுவார். அதிலிருந்து வருவது அஜ்மலிசின், ரத்த ஓட்டத்துக்கான மருந்து. புற்றுநோய் மருந்து இலையில். அப்படி இலையில் இருக்கும் மருந்துகளில் ஒன்று வின்பிளாஸ்டின். அதில் 1 கிராம் எடுக்க ஏறக்குறைய 500 கிலோ காய்ந்த இலை வேண்டும் என்பது எனக்குக் கல்லூரியில்தான் தெரிந்தது. அப்பாவிடம் சொன்னேன். "அப்படின்னா கிலோவுக்கு இன்னும் கொஞ்சம் கொடுத்திருக்கலாம்லடா" என்றார்.

*

இவர்கள் இருவரும் எழுதியதைப் படித்துவிட்டு யாரும் இலையைக் கசாயம் போட்டுவிடாதீர்கள். என் பெரியப்பா சர்க்கரைக்கு என்று தினமும் குடித்து, டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். இந்த மருந்தின் கதையே அந்தச் சர்க்கரைக் கசாயத்தில்தான் தொடங்குகிறது. ஜமைக்காவில் சர்க்கரைக்குக் கொதிக்கவைத்துக் குடித்த இலை 1952ல் கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆராய்ச்சியாளர் கைக்குப் போனது. எலிக்கு வாயில் கொடுத்தால் சர்க்கரை இறங்கவில்லை. ஊசியில் ஏற்றினால் வெள்ளை அணு சரிந்து, எலிகள் தொற்று வந்து செத்தன. வெள்ளை அணுவைக் குறைக்கிறதே, அப்படியென்றால் ரத்தப் புற்றுக்கு ஆகுமா என்று அவரும் கூட வேலை பார்த்த சார்லஸ் பீரும் தேடியதில் கிடைத்ததுதான் வின்பிளாஸ்டின்.

செடி நம்மூர்க்காரி இல்லை, மடகாஸ்கர். இந்தச் செடி சேர்ந்த கேதராந்தஸ் பேரினத்தில் எட்டு வகை, ஏழு அந்தத் தீவில்தான். மிச்சம் ஒன்று மட்டும் இந்தியாவிலும் இலங்கையிலும். மிளகாய்ப்பூண்டு என்பார்கள், சின்ன வெள்ளைப் பூ. தம்பி, உங்கள் காட்டில் களை எடுக்கும்போது கண்ணில் பட்டதுண்டா?