நெட்வொர்க்கில் காணாமல் போன ஃபோல்டர்கள்: பேக்கேஜைத் திருத்திச் சரிசெய்த அனுபவங்கள்

முதல் பதிவு

கோவையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்துக் கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். டேலி ஓடும் விண்டோஸ் 10 கணினிகள் தவிர மற்ற மேசைகளில் உபுண்டு லினக்ஸ்தான். பார்ட்டி வாரியாக ஸ்கேன், பேலன்ஸ் ஷீட், பழைய வருடத்துக் கணக்கு எல்லாம் நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் ஒரு நாஸ் பெட்டியில் இருக்கின்றன. பெட்டிக்கு வயதாகிவிட்டது, ஃபோல்டர் பகிர உதவும் எஸ்எம்பி என்ற புரோட்டோகாலின் பழைய பதிப்பான எஸ்எம்பி1 தவிர வேறெதுவும் அதற்குத் தெரியாது. ஃபர்ம்வேர் அப்டேட் நின்று காலமாகிறது. டிஸ்க் நன்றாக ஓடுகிறதே என்று ஆடிட்டர் புதிது வாங்கச் சம்மதிக்கவில்லை. அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம்.

எல்லா மேசைகளையும் உபுண்டு 16.04-லிருந்து 18.04-க்கு மாற்றியதும் முதலில் வந்த புகார்: "சார், நெட்வொர்க்ல ஒண்ணுமே காணோம்." ஃபைல்ஸைத் திறந்து பிற இடங்கள், அதற்குள் விண்டோஸ் நெட்வொர்க் என்று போனால் வட்டம் சுற்றும், அப்புறம் வெறும் வெள்ளைப் பக்கம். சில மேசைகளில் சர்வரிடமிருந்து பட்டியலைப் பெற முடியவில்லை என்று ஒரு செய்திப்பெட்டி. ஆனால் முகவரிப் பட்டையில் நாஸின் ஐபி எண்ணைக் கையால் அடித்தால் ஃபோல்டர்கள் உடனே திறந்தன. கேபிள், ஃபயர்வால், பாஸ்வேர்டு எதையும் சந்தேகப்பட வேண்டியதில்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. பட்டியல் எடுக்கும் வேலைதான் நடக்கவில்லை.

டெர்மினலில் எஸ்எம்பிட்ரீ கட்டளையை ஓட்டினேன், பதிலே இல்லை. அதிகபட்ச புரோட்டோகால் என்டி1 என்று ஆப்ஷன் கொடுத்து மறுபடி ஓட்டியதும் ஒர்க்குரூப் பெயர், நாஸ், ஷேரிங் போட்டிருந்த உபுண்டு மேசைகள் எல்லாம் வரிசையாக வந்தன. (லினக்ஸில் எஸ்எம்பி பேசும் மென்பொருள் சாம்பா. என்டி1 என்று அது சொல்வது எஸ்எம்பி1-ஐத்தான்.) டேலி கணினிகள் அப்போதும் வரவில்லை. அது வேறு கதை, பிறகு வருகிறேன்.

காரணம் 2017-ல் இருக்கிறது. அந்த மே மாதம் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் எஸ்எம்பி1-ல் இருந்த ஓட்டை வழியாக உலகம் முழுக்கப் பரவியது. செப்டம்பரில் வந்த சாம்பா 4.7, கிளையன்ட் பேசும் உச்ச புரோட்டோகாலை எஸ்எம்பி3 வரை உயர்த்தியது. அதற்கு முன் அது என்டி1-லேயே நின்றுகொண்டிருந்தது. அக்டோபரில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பு, புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி1 சர்வரைப் போடுவதையே விட்டுவிட்டது. எல்லாம் சரியான முடிவுகள்தான். சிக்கல் என்னவென்றால், "இந்த ஒர்க்குரூப்பில் யார் யார் இருக்கிறார்கள்" என்று பட்டியலை வைத்திருக்கும் கணினியான மாஸ்டர் பிரௌசரிடம் கேட்கும் அந்தப் பழைய கேள்வி எஸ்எம்பி1 வழியாகத்தான் போகும். எஸ்எம்பி2, 3-ல் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. கிளையன்டும் எதிர்முனையும் எஸ்எம்பி2-லோ அதற்கு மேலோ ஒத்துக்கொண்டால் பட்டியல் கேட்கவே வழியில்லை.

தேடினால் எல்லா இடத்திலும் ஒரே மருந்து கிடைக்கும்: எஸ்எம்பி.கான்ஃப் கோப்பின் குளோபல் பகுதியில் "கிளையன்ட் மேக்ஸ் புரோட்டோகால் = என்டி1" என்று ஒரு வரி. ஒரு மேசையில் போட்டுப் பார்த்தேன். பட்டியல் வந்தது. டேலி கணினிக்குப் போட்டிருந்த புக்மார்க் செத்துப்போனது. அந்தக் கணினி எஸ்எம்பி1-ஐ ஏற்பதில்லை, இந்த மேசையோ இப்போது அதற்கு மேல் பேசுவதில்லை. அதோடு ஆர்ட்டிகிள் படிக்கும் பையன்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பார்ட்டிகளின் அலுவலகங்களுக்குப் போகிறவர்கள். எந்த நெட்வொர்க்கில் செருகினாலும் எஸ்எம்பி1-ல் மட்டுமே பேசும் லேப்டாப்பை, அதுவும் வான்னாக்ரைக்குப் பிறகு, நான் கையில் கொடுக்கத் தயாராக இல்லை. எரியாத ஒரு பல்புக்காக வீட்டின் மெயினை அணைப்பது போன்ற வைத்தியம் இது.

பழைய புரோட்டோகால் எந்த இடத்துக்குத் தேவையோ அந்த இடத்துக்கு மட்டும் போக வேண்டும். அந்த இடம் எது? ஃபைல்ஸ், அதாவது நாட்டிலஸ், நேரடியாக எஸ்எம்பி பேசுவதில்லை, பின்னால் அதற்காகப் பேசும் ஜிவிஎஃப்எஸ் இருக்கிறது. அதில் எஸ்எம்பிக்கு இரண்டு தனி டீமன்கள் (பின்னணியில் ஓடும் நிரல்கள்). பிரௌஸ் டீமன் ஒர்க்குரூப், கணினி, ஷேர்களின் பெயர் ஆகியவற்றைப் பட்டியலிடும். மற்றது ஷேருக்குள் போய் ஃபைலைப் படிக்கும், எழுதும். இரண்டும் சாம்பாவின் லிப்எஸ்எம்பிகிளையன்ட் லைப்ரரியைத்தான் பயன்படுத்துகின்றன, ஆனால் ஓடுவது தனித்தனிப் பிராசஸாக. ஆகவே பிரௌஸ் டீமனில் மட்டும் கை வைத்தால் ஃபைல் போக்குவரத்தைத் தொடாமல் பட்டியலைச் சரிசெய்யலாம்.

அந்த இரண்டு திட்டங்களிலும் இதற்கான திருத்தம் பின்னால் சேர்ந்துவிட்டது: லைப்ரரியில் புரோட்டோகால் எல்லையைச் சொல்ல ஒரு புதிய ஃபங்ஷன், பிரௌஸ் டீமனில் அதை அழைக்கச் சில வரிகள். 18.04-உடன் வந்த சாம்பா 4.7.6-லும் ஜிவிஎஃப்எஸ் 1.36-லும் அவை கிடையாது. இரண்டையும் பின்னோக்கிக் கொண்டுவந்தேன். சாம்பா பக்கம் சின்ன வேலை. அந்த ஃபங்ஷன் செய்வதெல்லாம், கான்ஃப் கோப்பில் எழுத வேண்டியதை அந்தப் பிராசஸுக்கு மட்டும் நினைவகத்தில் எழுதுவதுதான். ஜிவிஎஃப்எஸ் பக்கம் நானாக ஒரு கண்டிஷன் சேர்த்தேன்: முழு நெட்வொர்க்கின் பட்டியல் என்றால் நேராக என்டி1, குறிப்பிட்ட கணினியின் ஷேர் பட்டியல் என்றால் முதலில் புதிய புரோட்டோகால், அது மறுத்தால் மட்டும் என்டி1. இல்லாவிட்டால் டேலி கணினியைத் திறக்கும்போது பழைய கதையே திரும்பும்.

பேக்கேஜ் கட்டுவது தெரிந்தவர்களுக்குப் புதிதில்லை. மென்பொருள் அமைப்பில் சோர்ஸ் கோட் என்பதை டிக் செய்து, ஆப்ட் வழியாக சோர்ஸையும் பில்ட் டிபென்டன்சிகளையும் இறக்க வேண்டும். டெபியன் அடைவுக்குள் பேட்ச்சஸ் என்று ஒரு அடைவு இருக்கும், அதில் நம் திருத்தம் உள்ள பேட்ச் கோப்பைப் போட்டு, சீரீஸ் என்ற கோப்பின் கடைசி வரியில் அதன் பெயரைச் சேர்க்க வேண்டும். வரிசை முக்கியம், நடுவில் செருகினால் மற்ற பேட்ச்கள் இடம் தவறி மறுக்கும். சேஞ்ச்லாகில் பதிப்பு எண்ணின் வாலில் நம் அடையாளம் ஒன்றைச் சேர்த்து டிபிகேஜி-பில்ட்பேக்கேஜ் ஓட்டினால் முடிந்தது. முதலில் சாம்பாவைக் கட்டி அதன் டெவலப்மென்ட் பேக்கேஜை நிறுவிய பிறகுதான் ஜிவிஎஃப்எஸ்ஸைக் கட்ட வேண்டும். சாம்பா கம்பைல் ஆக நேரம் எடுக்கும், சாப்பிட்டுவிட்டு வரலாம். பல டெப் கோப்புகள் வந்து விழும். மற்ற மேசைகளுக்குத் தேவை லிப்எஸ்எம்பிகிளையன்ட், அதோடு பதிப்பு எண் ஒத்துப்போக வேண்டிய சாம்பாவின் துணை லைப்ரரிகள், அப்புறம் ஜிவிஎஃப்எஸ்-பேக்எண்ட்ஸ்.

நிறுவியதும் ஒன்றும் மாறவில்லை என்று பதறாதீர்கள். பழைய டீமன்கள் நினைவகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். லாக்அவுட் செய்து வந்தால் போதும்.

இதன் தலைவலி பராமரிப்பில்தான். சாம்பாவுக்குப் பாதுகாப்பு அப்டேட் அடிக்கடி வரும். அதை ஹோல்டில் போட்டு நிறுத்த எனக்கு மனமில்லை, மேசைகளிலும் ஷேரிங் இருக்கிறதே. ஒரு நாள் காலையில் தானியங்கி அப்டேட் லைப்ரரியை மாற்றிவிட்டது. பட்டியல் மறுபடி காணோம். சிஸ்டம் பதிவான ஜர்னலில் பார்த்தால் அந்த ஃபங்ஷனின் பெயரைச் சொல்லி, இப்படி ஒரு சிம்பல் இல்லை என்ற பிழை. அதன் பிறகு ஜிவிஎஃப்எஸ் பேட்ச்சை மாற்றி எழுதினேன். லைப்ரரியில் ஃபங்ஷன் இருக்கிறதா என்று ஓடும்போது டிஎல்சிம் மூலம் பார்க்கும். இருந்தால் அழைக்கும், இல்லாவிட்டால் பேசாமல் பழையபடி நடக்கும். அப்டேட் வந்தால் பட்டியல் போகும், ஆனால் டீமன் சாகாது. நான் நிதானமாகப் புதிய சோர்ஸில் கட்டிக்கொள்ளலாம். ஹோல்டில் இருப்பது ஜிவிஎஃப்எஸ்-பேக்எண்ட்ஸ் மட்டும்.

வேறு வழியில் தீர்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

மறுமொழி

எனக்கு வந்தது மறுபக்கம். நம் ஃபோல்டரை மற்றவர்களுக்குப் பகிர்வது. உபுண்டு 22.04, பள்ளிக்கூட லேப். ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து லோக்கல் நெட்வொர்க் ஷேர் என்று கொடுத்தால் நெட் யூசர்ஷேர் பிழை 255, அனுமதி மறுப்பு. வார்-லிப்-சாம்பா-யூசர்ஷேர்ஸ் அடைவு ரூட்டுக்கும் சாம்பாஷேர் குழுவுக்கும் சொந்தம், அனுமதி 1770. பயனரை அந்தக் குழுவில் சேர்த்து, வெளியேறி உள்ளே வந்தால் தீர்ந்தது. இதற்கு பேட்ச் தேவையில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் படுத்தியது. ஷேர் தெரிகிறது, பாஸ்வேர்டு இல்லாமல் வரும் கெஸ்ட் உள்ளே போனால் அனுமதி இல்லை. ஷேர் செய்த ஃபோல்டரின் அனுமதியை எவ்வளவு திறந்துவிட்டாலும் அதே பதில். உபுண்டு 21.04 முதல் ஹோம் அடைவே 750-ஆக உருவாகிறது. கெஸ்ட்டால் வாசலையே தாண்ட முடியாதபோது உள்ளறை திறந்திருந்து என்ன பயன்? மாணவர் ஃபைல்களை எஸ்ஆர்வி அடைவுக்கு மாற்றி அங்கிருந்து பகிர்ந்தேன். ஹோமை 755 ஆக்கச் சொல்லும் ஆலோசனைகள் நிறைய உண்டு, லேபில் அதைச் செய்யாதீர்கள்.

மறுமொழி

அண்ணா, வேலை அருமை. ஆனால் சாம்பாவையே கட்டியது அதிகம் என்று தோன்றுகிறது. நான் கம்பைல் செய்யாமல் முடித்தேன். லிப்எஸ்எம்பிகிளையன்ட் முதலில் பார்ப்பது பயனரின் ஹோமில் உள்ள டாட்-எஸ்எம்பி அடைவின் எஸ்எம்பி.கான்ஃப் கோப்பைத்தான். அது இல்லாவிட்டால்தான் பொதுக் கோப்புக்குப் போகும். ஹோம் எங்கே என்பதை ஹோம் என்ற சூழல் மாறியிலிருந்து எடுக்கிறது. ஆகவே டிபிகேஜி-டைவர்ட் மூலம் பிரௌஸ் டீமனை வேறு பெயருக்கு நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட் வைத்தேன். ஹோம் மாறியை ஒரு தனி அடைவுக்குக் காட்டிவிட்டு அசல் டீமனை எக்ஸெக் செய்யும், அவ்வளவுதான். அந்தத் தனி அடைவில் என்டி1 வரி உள்ள கான்ஃப். ஃபைல் படிக்கும் டீமனுக்கு இது தெரியவே தெரியாது. ஜிவிஎஃப்எஸ் அப்டேட் வந்தாலும் டைவர்ட் அசலை நகர்த்திய இடத்திலேயே வைக்கும், ஸ்கிரிப்ட் அழியாது.

முதல் பதிவு எழுதியவர்

தம்பி, இது எனக்குத் தோன்றவில்லை, நல்ல யோசனை. எஸ்எம்பி1 மட்டும் பேசும் பெட்டிகள் உள்ள இடத்துக்கு இதையே நானும் சொல்வேன். என் அலுவலகத்தில் ஒரு தடங்கல்: பிரௌஸ் டீமன் எப்போதும் என்டி1-ல் நின்றால், டேலி கணினியின் பெயரை மட்டும் அடித்து ஷேர்களைப் பார்க்க முடியாது. ஷேர் பெயரையும் சேர்த்து புக்மார்க் போட்டால் போகும். பையன்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதைவிட கம்பைல் செய்வது எளிது.

மறுமொழி

ஜெராக்ஸ் கடை. ஸ்கேன் செய்து நேராக ஃபோல்டருக்கு அனுப்பும் பழைய மெஷின். சர்வரை 20.04-க்கு மாற்றியதும் ஸ்கேன் வருவது நின்றுவிட்டது. அதோடு வந்த சாம்பா 4.11, சர்வர், கிளையன்ட் இரண்டு பக்கமும் குறைந்தபட்சத்தை எஸ்எம்பி2 ஆக்கிவிட்டது. சர்வரின் குறைந்தபட்ச புரோட்டோகாலை என்டி1 ஆக்கினேன், போதவில்லை. மெஷின் பழைய என்டிஎல்எம் முறையில்தான் பாஸ்வேர்டு அனுப்புகிறது, அதையும் திறக்கச் சொல்லிற்று. அதோடு நிறுத்திக்கொண்டு, மெஷினில் எஃப்டிபி இருந்ததால் ஸ்கேனை அதில் விட்டுவிட்டேன். அந்த அடைவுக்கு வெளியே எழுத முடியாத தனிப் பயனர், கடைக்குள் இருக்கும் ஐபிக்கு மட்டும் அனுமதி.

மறுமொழி

டேலி கணினிகள் ஏன் பட்டியலில் வரவில்லை என்பது பாக்கி இருக்கிறதே. எஸ்எம்பி1 போனதும் விண்டோஸ் தன்னை அறிவிக்கும் முறையையும் மாற்றிக்கொண்டது. இப்போது டபிள்யூஎஸ்-டிஸ்கவரி, யூடிபி 3702 போர்ட். அதைக் காது கொடுத்துக் கேட்கும் ஆள் லினக்ஸில் இருந்தால்தான் தெரியும். உபுண்டு மேசைகள் விண்டோஸ் கண்ணில் பட வேண்டும் என்றால் டபிள்யூஎஸ்டிடி என்ற பைத்தான் நிரலை ஓட்டினால் போதும், சாம்பாவைத் தொட வேண்டாம். எதிர்த் திசைக்கு, உபுண்டுவின் டெஸ்க்டாப்பான க்னோம் 46 காலத்து ஜிவிஎஃப்எஸ்ஸிலேயே வசதி வந்துவிட்டது. 24.04-ல் விண்டோஸ் கணினிகள் தாமாகவே நெட்வொர்க்கில் தெரிகின்றன.

முதல் பதிவு எழுதியவர்

அதுதான் விடை. 24.04-க்கு ஒரு மேசையை மாற்றிப் பார்த்தேன், டேலி கணினிகள் தெரிகின்றன. நாஸ் மட்டும் கையால் ஐபி அடித்தாலும் திறக்கவில்லை, மேலே ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்ன அதே குறைந்தபட்ச எல்லை. கிளையன்டின் குறைந்தபட்ச புரோட்டோகாலை என்டி1 ஆக்கினால் திறக்கிறது. உச்ச வரம்பைக் குறைப்பதைவிட இது தேவலை, புதிய கணினிகளோடு எஸ்எம்பி3-லேயே பேசும். அதனால் அலுவலகத்தை விட்டு நகராத மேசைகளில் மட்டும் அதைப் போட்டேன், லேப்டாப்களில் இல்லை.

புதிய பதிப்புக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: அப்கிரேடு தொடங்கும் முன் ஜிவிஎஃப்எஸ்-பேக்எண்ட்ஸ் ஹோல்டை எடுத்துவிடுங்கள், டைவர்ட் போட்டவர்கள் அதையும் நீக்கிவிடுங்கள். ஹோல்ட் இருந்தால் டிபென்டன்சி கணக்கு ஒத்துவராமல் அப்கிரேடு பாதியில் நின்றுவிடலாம்.