பக்கத்து வகுப்பு ஆசிரியருக்குக் கொப்பி எதற்கு?

வலிகாமத்து ஆசிரியை:
"ஒருவருடைய வகுப்பில் இன்னொருவர் கொப்பியோடு வந்து நிற்பது கூடிக் கற்றல் அன்று, கோள் சொல்வதற்கான ஆயத்தம்" என்று ஓய்வுநிலை அதிபர் நேற்று இங்கே எழுதியதை வாசித்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை. தரம் மூன்றில் கற்பிக்கும் நாங்கள் மூவர் சேர்ந்து ஒரு கழித்தல் பாடத்தைத் திட்டமிட்டோம். ஒருவர் கற்பிக்க, மற்ற இருவரும் பிள்ளைகளின் அருகில் நின்று, அவர்கள் செய்வதைக் கொப்பியில் குறித்தோம். 52 இலிருந்து 27 ஐக் கழிக்கச் சொன்னபோது இரண்டு பிள்ளைகள் 35 என்று எழுதினார்கள். ஒரு பிள்ளை, 2 இலிருந்து 7 போகாது என்று கண்டு, 7 இலிருந்து 2 ஐக் கழித்திருந்தது. மற்றப் பிள்ளை பத்து ஈர்க்குகள் கொண்ட கட்டொன்றை அவிழ்த்து, பன்னிரண்டிலிருந்து 7 ஐச் சரியாகவே எடுத்துவிட்டு, பத்துகளில் ஒன்று குறைந்ததை மறந்து 5 இலிருந்தே 2 ஐக் கழித்தது. விடையை மட்டும் பார்த்துத் திருத்துபவருக்கு இரண்டும் ஒரே பிழைதான். அருகில் நின்றவருக்கே, இந்த இருவருக்கும் ஒரே விளக்கத்தைச் சொல்லிப் பயனில்லை என்பது தெரியும்.

ஓய்வுநிலை அதிபர்:
ஈர்க்குக் கதை நல்ல கதை. அதைக் கண்ணால் பார்த்து மனத்தில் வைத்திருக்க முடியாதா? நான் கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற காலத்தில், பின்னால் இருந்த விரிவுரையாளரின் கையிலும் கொப்பி இருந்தது, அதில் புள்ளியும் இருந்தது. கொப்பி வந்தால் புள்ளி வரும். புள்ளி வந்தால் பயம் வரும். ஆசிரிய ஆலோசகர்கள் எதற்கு இருக்கிறார்கள்?

வடமராட்சியான்:
ஐயா, யப்பானிய ஆசிரியர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே இப்படிப் பாடங்களைச் சேர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். 1999 இல் அமெரிக்காவில் வெளிவந்த நூலொன்றின் வழியாக இம்முறை பிற நாடுகளிலும் பரவியது. அங்கே பார்வையாளர்கள் பாடத்திட்டத்தைக் கையில் வைத்துக் குறிப்பெழுதுகிறார்கள். கற்பிப்பவருக்கு யாரும் புள்ளி இடுவதில்லை.

ஓய்வுநிலை அதிபர்:
யப்பானை இங்கே இழுக்க வேண்டாம், தம்பி. நான் கேட்டது கொப்பியைப் பற்றி. அது கடைசியில் யாருடைய மேசைக்குப் போகிறது?

தீவகத்து ஆசிரியர்:
ஒருவரே இரண்டு தரங்களைச் சேர்த்துக் கற்பிக்கும் பாடசாலையில் யார் யாருடைய வகுப்பைப் பார்ப்பது? ஆளணி உள்ள பாடசாலைக்காரர் கொப்பிக்காகச் சண்டை பிடிக்கிறீர்கள்.

ஒரு பெற்றோர்:
ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்குப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துவதை விட்டு, ஆசிரியர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றால், நாங்கள் ரியூசனுக்குத்தான் காசு கட்ட வேண்டும்.

வலிகாமத்து ஆசிரியை:
பெற்றோருக்கு: தரம் மூன்றில் கழித்தல் பிழைத்த பிள்ளைக்கு ஐந்தில் எத்தனை மாதிரி வினாத்தாள் கொடுத்தாலும் அந்தப் பிழை போகாது. தீவகத்து ஐயாவுக்கு: உங்கள் குறை நியாயமானது, ஆனால் அதை ஆளணி தராதவர்களிடம் கேளுங்கள், எங்களிடம் அல்ல. அதிபர் ஐயாவுக்கு: எங்கள் கொப்பி யாருடைய மேசைக்கும் போகவில்லை. பாடசாலை 1.30க்கு விட்டபின் மூவரும் அதை நடுவில் வைத்துப் பேசினோம், அடுத்த பாடத்தில் பத்துக் கட்டை அவிழ்த்தவுடனேயே மீதிக் கட்டுகளைப் பிள்ளைகளைக் கொண்டு எண்ணுவித்தோம். நினைவை நம்பியிருந்தால், எந்தப் பிள்ளை எப்படிப் பிழைத்தது என்பது மணி அடிக்கும்போதே கலைந்து போயிருக்கும். ஆசிரிய ஆலோசகர் இடையிடையே வருகிறார். பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் வருகிறார்கள். இடமாற்ற விவாதத்திலும் நீங்கள் இளைய ஆசிரியர்களைப் பேசவிடவில்லை என்பதை நான் மறக்கவில்லை.

ஓய்வுநிலை அதிபர்:
இடமாற்றத்தை இங்கே கொண்டுவந்தது யார் என்பதை எல்லோரும் பார்க்கட்டும். இன்று மூவரும் சிநேகிதிகள். நாளை ஒருவர் பகுதித் தலைவராவார். அப்போதும் அந்தக் கொப்பி அவருடைய கைப்பையில்தான் இருக்கும். இதற்கு விடை சொல்லுங்கள்.

வடமராட்சியான்:
எழுதியவுடன் அந்தப் பக்கத்தைக் கற்பித்தவரிடமே கிழித்துக் கொடுத்துவிடலாமே?

வலிகாமத்து ஆசிரியை:
கிழிக்கத் தேவையில்லை. அதில் இருப்பது பிள்ளைகள் செய்த கணக்கு; ஆசிரியரின் பெயர்கூட இல்லை.

ஓய்வுநிலை அதிபர்:
பெயர் இல்லாவிட்டாலும் எழுத்து யாருடையது என்று தெரியும். கொப்பி கொப்பிதான்.